கைதுத் தாளும் காலண்டரும்: வளைகுடாவில் சிக்கிய நான்கு மீனவர்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் கடற்கரையில் மீனவர் கைது என்றால் எல்லோருக்கும் இலங்கைதான் நினைவுக்கு வரும். ஆனால் இதே கடற்கரையிலிருந்து விமானம் ஏறிப்போய், வேறொரு நாட்டு முதலாளியின் படகில் ஏறி, மூன்றாவது நாட்டுக் கடலில் பிடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பாம்பனில் வேலைநிறுத்தம் நடக்காது. கடிதம் எழுதச் சங்கமும் கிடையாது. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட பகுதியைச் சேர்ந்த நான்கு பேருக்கு நடந்ததை, 2019 முதல் 2023 வரை எங்கள் கைவசம் இருந்த குறிப்புகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். அந்தக் குடும்பங்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களும் கிடையாது. நாங்கள் மூன்று பேர் மாலை நேரத்தில் உட்கார்ந்து வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கு மனு எழுதித் தருகிற ஒரு சின்னக் குழு. எங்கள் தவறுகளும் இதில் இருக்கின்றன.

பின்னணி

நான்கு பேரில் மூத்தவருக்கு அப்போது 50 வயது இருக்கும். பதினைந்து வயதிலிருந்து கூடு போடுகிறவர். குச்சிகளால் பின்னிய கூட்டைப் பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டு ஓரம் இறக்கி வைத்து, சில நாள் விட்டுத் தூக்குகிற தொழில் அது. மன்னார் வளைகுடாப் பக்கம் களவா, பாரை எல்லாம் அப்படித்தான் பிடிப்பார்கள். இரண்டாமவர் அவருடைய மைத்துனர். மூன்றாமவர் பக்கத்து ஊர் முஸ்லிம், முன்பு சங்கு குளிக்கப் போனவர். நான்காவது 22 வயதுப் பையன், பத்தாவது தாண்டவில்லை.

ஏன் போனார்கள்? தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் தொழில் செய்ய முடியாது. கடலட்டை எடுப்பது 2001 முதல் தடை. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் போனால் 1974-இல் போட்ட எல்லைக்கோடு. அதோடு விசைப்படகுகள் மடி (இழுவலை) இழுத்துப் போன தடத்தில் கூடு தங்காது. வலையும் கூடும் போன நஷ்டத்துக்கு வாங்கிய கடனை வட்டியோடு கட்ட, மைத்துனர் வீட்டில் நகையும் அடகுக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில் பஹ்ரைனில் கூடு போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு சப்-ஏஜென்ட் ஊருக்குள் வந்தார். அங்கே கம்பியில் பின்னிய அரைக்கோளக் கூடு, பெயர் கர்கூர். நம்மூர்க் களவாவை அங்கே ஹமூர் என்பார்கள். தொழில் ஒன்றுதான் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

மூன்று பேரிடம் ஆளுக்கு 90,000 ரூபாய் வாங்கினார். பையனிடம் 1,10,000. உரிமம் பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது என்பது இந்திய விதி. இவருக்கு உரிமமே இல்லை. இது அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

பையனுக்கு மட்டும் ஏன் கூடுதல்? பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால், பஹ்ரைன் உட்பட 18 நாடுகளுக்கு அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். மற்ற மூவருக்கும் அதை வாங்கிவிட்டார்கள். பையனுக்கு அவசரம் என்று சொல்லி விசிட் விசாவில் அனுப்பினார்கள். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அனுமதி வாங்கிப் போன மூவரின் வேலை ஒப்பந்தம் அரசின் இ-மைகிரேட் கணினியில் ஏறியது, காப்பீடும் கிடைத்தது. பையனுக்கு இரண்டும் இல்லை. 2019 ஆகஸ்டில் விமானம் ஏறும்போதே நான்கு பேரும் இரண்டு வகை மனிதர்களாகிவிட்டார்கள். இந்த வித்தியாசத்தின் விலை நான்கு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அங்கே நடந்தது

இறங்கிய அன்று மாலையே முதலாளி பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். அவரை இவர்கள் அரபாப் என்றுதான் சொல்வார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது பஹ்ரைனில் சட்டவிரோதம். கடலில் நனைந்து போகும், பத்திரமாக இருக்கட்டும் என்றாராம். படகிலேயே தூங்குகிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது.

ஒப்பந்தப்படி மாதம் 100 தினார். கையில் வந்தது 60. மீதி 40 கணக்கில் இருக்கிறது, ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். மீன்பாட்டில் பங்கு உண்டு என்று வாய்மொழிப் பேச்சும் இருந்தது. நம் கடற்கரையில் பங்குக் கணக்கு பழகிய தொழில். கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு அங்கேயே பிரித்துக்கொள்வோம். கணக்கு மறுநாளைக்குப் போகாது. மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கிற பங்கு என்பது இவர்களுக்குப் புதுசு. ஆனாலும் பெரியவர் அதை நம்பினார். 2020-இல் கொரோனா வந்தது, விமானம் நின்றது. கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று.

2021 தீபாவளி முடிந்த வாரம், வடக்கே பஷ்த் அல் டிபல் என்ற மேட்டுப் பக்கம் கூடு தூக்கப் போனார்கள். நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டு அது. பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நெடுங்காலம் அதில் வழக்கு இருந்தது. 2001 மார்ச் 16 அன்று சர்வதேச நீதிமன்றம் ஹவார் தீவுகளைப் பஹ்ரைனுக்கும் இந்தத் திட்டைக் கத்தாருக்கும் கொடுத்தது. பஹ்ரைன் படகுகள் தலைமுறையாகப் போன இடம் என்பதால் இப்போதும் போகின்றன, பிடிபடுகின்றன. கச்சத்தீவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவர் பிறகு என்னிடம் சொன்னார்: “கோட்டுக்குப் பயந்துதான் நம்ம கடலை விட்டேன் தம்பி. அங்கயும் ஒரு கோடு கெடந்துச்சு.”

அங்கே கூடு போடச் சொன்னது அரபாப். ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக் கொடுத்தவரும் அவரே. பிடிபட்டபோது படகில் இருந்தவர்கள் இந்த நால்வர் மட்டும்.

முதல் ஒன்பது நாட்கள்

செய்தி ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவாக வந்தது. பக்கத்துப் படகில் இருந்த திருப்பாலைக்குடிக்காரர் ஒருவர் பெரியவரின் மனைவிக்கு அனுப்பியது. “மதினி, பதறாதிய. அண்ணனையும் மத்த மூணு பேரையும் கத்தார்காரன் போட்டோட கூட்டிட்டுப் போயிட்டான். ஆளுக்கு ஒண்ணும் இல்ல. அரபாப் பாத்துக்கிர்றேன்னு சொல்லிட்டாரு.”

பதினேழு விநாடிப் பதிவு. அந்தக் கடைசி வரியை நம்பி ஒன்பது நாள் போனது. சப்-ஏஜென்ட் வீடு வீடாகப் போய், பத்திரிகைக்குச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று சொல்லியிருந்தார். பத்தாம் நாள் பெரியவரின் மனைவி எங்களிடம் வந்தார்.

அன்று இரவே மனு எழுத உட்கார்ந்தோம். எங்கள் முதல் முடிவு, நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மனுவாக இல்லாமல், ஆளுக்கொரு புகாராக வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதாத்’ இணையதளத்தில் பதிவது. சேர்த்து எழுதினால் ஒருவருடைய பெயரில் மட்டும் எண் விழும். அவர் விடுதலையானதும் கோப்பு முடிந்ததாகிவிடும். முன்பு ஒரு சவுதி விவகாரத்தில் அப்படி நடந்து நாங்கள் பட்டிருக்கிறோம். இந்த முடிவு சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் பாஸ்போர்ட் எண் வேண்டுமே. இரண்டு வீட்டில் நகல் இல்லை. மைத்துனருடைய எண் பழைய விமான டிக்கெட்டின் பின்பக்கம் கிடைத்தது. பையனுடையது எங்கேயும் இல்லை. அவன் தாயார் ஒரு பிளாஸ்டிக் பையைத் தரையில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, ஒரு ஸ்டூடியோ போட்டோ, கேஸ் சிலிண்டர் ரசீதுகள். கடைசியில் போலீஸ் சரிபார்ப்புக்கு வந்த குறுஞ்செய்தியில் விண்ணப்பக் கோப்பு எண் இருந்தது. அதை வைத்துப் பாஸ்போர்ட் எண் தெரிந்துகொள்ள இன்னும் ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் அரசின் கணக்கில் மூன்று பேர்தான் கைது.

கவனித்தவை

இந்த இடத்தில் நிகழ்ச்சியைச் சற்று நிறுத்தி, நாங்கள் கவனித்ததைச் சொல்ல வேண்டும். காத்திருந்த நாட்களில் எங்கள் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தோம். சவுதியின் கீழைக் கடற்கரைக்குப் போனவர்கள், குவைத் போனவர்கள், ஈரான் போனவர்கள் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பக்கம் வைத்திருந்தோம். அப்படி நாடுவாரியாகப் பிரித்ததுதான் எங்கள் கண்ணை மறைத்திருக்கிறது. பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது ஒரே கதை வேறு வேறு நாணயத்தில் எழுதியிருந்தது போல இருந்தது.

முதலில் பாஸ்போர்ட் போகிறது. அடுத்து, சம்பளத்தில் ஒரு பகுதி ‘கணக்கில்’ தங்குகிறது. தங்கிய பணம் தொழிலாளியைக் கட்டிப் போடுகிறது. விட்டுவிட்டு வந்தால் போச்சு என்று அவர் இருக்கிறார். அவர் கேள்வி கேட்கத் தொடங்கும்போது, அல்லது கைதாகி உதவாதவர் ஆகும்போது, முதலாளி ‘வேலையை விட்டு ஓடிவிட்டார்’ என்று புகார் கொடுக்கிறார். சவுதியில் இதற்கு ஹுரூப் என்று பெயர். பஹ்ரைனில் ரன்அவே என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள். அந்தப் புகார் விழுந்த நிமிஷம் சம்பளப் பாக்கிக்காரர் குற்றவாளியாகிவிடுகிறார்.

இவற்றுக்கு அடியில் இருப்பது கஃபாலா என்கிற முறை. வெளிநாட்டுத் தொழிலாளியின் விசாவும் வேலையும் ஒரே உள்ளூர் ஆளின் கையில் இருக்கும். அந்த நாடுகள் இதைத் திருத்தவில்லை என்று சொன்னால் அது பொய். பெரும்பாலான தொழிலாளர் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்பதைக் கத்தார் 2018-இல் நீக்கியது. 2020-இல் வேலை மாறவும் அனுமதி தேவையில்லை என்றது. 2021-இல் குறைந்தபட்ச ஊதியம் 1,000 ரியால் என்று வைத்தது. சவுதியும் 2021 மார்ச்சில் வேலை மாறும் விதியைத் தளர்த்தியது. ஆனால் வீட்டு வேலைக்காரர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் அதில் சேரவில்லை. தனியொரு முதலாளியின் கீழே, யார் கண்ணிலும் படாமல் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இந்தச் சட்டங்கள் எட்டுவதில்லை. ஒரு படகும் அப்படிப்பட்ட இடம்தான். அங்கே ஆய்வாளர் வரமாட்டார். சம்பளம் வங்கியில் ஏறாது. சாட்சி என்று யாரும் இல்லை.

உலகச் சட்டமும் இங்கே கை கொடுக்கவில்லை. புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1990-இல் வந்தது. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் 6 நாடுகளில் ஒன்றும் அதை ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. மீன்பிடித் தொழிலாளர்களுக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் 188-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. எழுத்து ஒப்பந்தம், ஓய்வு நேரம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் இருக்கிறது. அதையும் இந்தியா ஏற்கவில்லை. நம் பக்கத்து மீனவர் ஒருவர் வெளிநாட்டுப் படகில் ஏறும்போது, அனுப்புகிற நாடும் எடுத்துக்கொள்கிற நாடும் சேர்ந்தே கையெழுத்து போடாத இடத்துக்குப் போகிறார். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விடுதலையா, சம்பளமா

2021 நவம்பர் கடைசியில் தூதரக அதிகாரி தோஹாவில் நால்வரையும் பார்த்துவிட்டார் என்று மதாத்தில் பதில் வந்தது. அடி உதை இல்லை, சாப்பாடு கிடைக்கிறது, பெரியவர்தான் படகு ஓட்டியவர் என்பதால் அவர் மேல் வழக்கு, மற்றவர்கள் அதன் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஊரில் இரண்டு கருத்து. ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகம் முன்னால் உட்காரலாம் என்றார்கள் சிலர். நாங்கள் வேண்டாம் என்றோம். இலங்கை விஷயத்தில் மறியலுக்குப் பலன் உண்டு. இரண்டு அரசும் பேசிக்கொள்கிற மேசை ஒன்று இருக்கிறது. இங்கே இருந்தது வேறு நிலைமை. அப்போது பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் தூதரக உறவே கிடையாது. 2017-இல் முறிந்தது, 2023 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிவானது. ஆளை பஹ்ரைனுக்குத் திருப்பி அனுப்பு என்று கேட்கவே வழியில்லை. ஊருக்கு அனுப்பு என்று மட்டும்தான் கேட்க முடியும். மாவட்ட நிர்வாகத்துக்கும் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனுவின் நகலை அனுப்பிவிட்டு, தூதரக வழியிலேயே போவது என்று முடிவு செய்தோம்.

அதுவரை சரி. ஆனால் எங்கள் மனுக்கள் எல்லாவற்றிலும் இருந்த ஒரே கோரிக்கை விடுதலை. சம்பளப் பாக்கி பற்றி ஒரு வரி இல்லை. இலங்கைக் கைதுகளுக்கு எழுதி எழுதிப் பழகிய கை அது. அங்கே சிறைபிடிக்கிற நாடு நமக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆளும் படகும் வந்தால் போதும். இங்கே ஆள் ஊருக்கு வருவதே சம்பளத்தை இழக்கிற வழி என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை. முதலாளி பஹ்ரைனில், பாஸ்போர்ட்டும் அங்கே, ஆள் கத்தார் வழியாக நேரே சென்னைக்கு. வழக்குப் போட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

2022 மார்ச்சில் பெரியவருக்கு அபராதம் விதித்து, காவலில் இருந்த நாட்களை அதில் கழித்துக்கொண்டு நால்வரையும் நாடு கடத்த உத்தரவானது. பாஸ்போர்ட் இல்லாததால் தூதரகம் அவுட்பாஸ் என்கிற தற்காலிகப் பயணத் தாளைக் கொடுத்தது. டிக்கெட்டுக்கு இந்தியச் சமூக நல நிதி உதவியது. 2009-இல் தொடங்கிய நிதி அது, இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே உள்ளது. நான்கு பேரும் சென்னையில் இறங்கி, பரமக்குடி வழியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானும்தான். அன்றைக்கு மதாத்தில் நான்கு புகாரும் ‘தீர்க்கப்பட்டது’ என்று முடிந்தன.

இதே தவறை இந்த நாடே பெரிய அளவில் செய்திருக்கிறது. 2020 ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 இந்தியர்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. மீனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஆளைக் கொண்டுவந்தது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் புறப்படும் முன்னே யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வாங்கியிருந்தால், அது எவ்வளவு பெரிய ஆவணமாக இருந்திருக்கும்!

காலண்டர்

2022 ஜூலையில் மைத்துனர் எங்களிடம் வந்தார். அடகு நகை ஏலத்துக்குப் போகிறது, அந்த 40 தினாரை வாங்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். அப்போதுதான் கணக்குப் போட்டோம். 27 மாதம், மாதம் 40. ஆளுக்கு 1,080 தினார். அன்றைய மதிப்பில் சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய்.

ஆதாரம்? நால்வரிடமும் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கைபேசிகள் கத்தாரில் வாங்கப்பட்டு, இரண்டு திரும்பவே இல்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மைத்துனரின் மனைவி, “காலண்டர் ஆகுமா சார்?” என்றார்.

மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதுகிற அதே கட்டங்களில், பச்சை மையில், “60 வந்தது”, “40 நிக்கிது”, “களவா 9 கூடை”, “காய்ச்சல், போகல” என்று எழுதியிருந்தது. “அவுக ராத்திரி வாய்ஸ்ல சொல்லுவாக. நான் காலையில கட்டத்துல எழுதிப்புடுவேன். பால்காரர் கணக்கு மாதிரிதான்.” 2020, 2021 இரண்டும் ஆணியிலேயே ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. 2019 காலண்டரை அலமாரித் தட்டுக்கு விரித்திருந்தார். டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு உருவி எடுத்தோம். எண்ணெய்க் கறை பட்டு நவம்பர் மட்டும் படிக்க முடியவில்லை.

இது நீதிமன்றத்தில் நிற்குமா என்று எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் இந்தக் காலண்டர் இல்லாமல் மாதவாரியாக ஒரு கோரிக்கையே எழுதியிருக்க முடியாது. பெரியவரும் முஸ்லிம் அண்ணனும் அதே படகு என்பதால் அவர்களுடைய கணக்கும் இதிலிருந்தே வந்தது. மூவரின் ஒப்பந்த நகலும் இ-மைகிரேட் வழியாகக் கிடைத்தது. 100 தினார் என்று அதில் தெளிவாக இருந்தது.

கைதுத் தாள்

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் இருக்கும் தமிழர் ஒருவர் உதவ முன்வந்தார். மூவரின் சிபிஆர் எண்ணை, அதாவது பஹ்ரைன் அடையாள அட்டை எண்ணை, போட்டுப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் அழைத்தார். “இவங்க மேல ஆப்சென்ட் புகார் இருக்கு அண்ணே. 2021 நவம்பர் 23-ம் தேதி. வேலைக்கு வரலை, எங்க இருக்காங்கன்னு தெரியலைன்னு.”

அதாவது கைதாகி இரண்டு வாரம் கழித்து. தன் படகோடு பிடிபட்டவர்கள் எங்கே என்று தெரியாதாம்.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, புகார் நிற்கிற வரை சம்பளக் கோரிக்கை பலவீனம். இரண்டு, கெடு. பஹ்ரைனில் வேலை முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். சவுதி, குவைத், கத்தாரிலும் ஏறத்தாழ இதே ஓராண்டுதான். நாங்கள் மார்ச்சிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் நவம்பரிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. மூன்று மாதம்கூட மீதமில்லை.

அந்த நவம்பரில் இவர்கள் கத்தார் காவலில் இருந்தார்கள் என்பதற்குத் தாள் வேண்டும். பெரியவரிடம் இல்லை, அவுட்பாஸ்கூட விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். கேட்டு எழுதினால் வர மாதங்கள் ஆகும். அப்போது பையன் அவன் பையின் அடித்தட்டு அட்டைக்குக் கீழேயிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். நான்காக மடித்தது. ஒரு பக்க அரபு, கீழே முத்திரை, தேதி, நான்கு பெயர்களும் வரிசையாக. கையெழுத்து போடச் சொன்னபோது ஒரு பிரதி கேட்டு வாங்கியிருக்கிறான். ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். “கையெழுத்துப் போட்டா நகல் வாங்கணும்னு எங்க டீச்சர் சொல்லிருக்காங்க.”

அடுத்த வேலைகள் வேகமாக நடந்தன. தங்கள் சார்பில் அங்கே கோரிக்கை கொடுக்க மூவரும் நோட்டரி முன்னால் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். மாநில அரசின் சான்றொப்பம், அப்புறம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. பஹ்ரைன் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அதோடு முடிந்தது. கத்தாரோ குவைத்தோ என்றால் அந்த நாட்டுத் தூதரகத்திலும் சான்று வாங்க வேண்டும், கெடு தவறியிருக்கும். அரபு மொழிபெயர்ப்போடு 2022 அக்டோபர் மூன்றாம் வாரம் கோரிக்கை அங்கே பதிவானது.

என்ன கிடைத்தது

முதலாளி தரப்பு முதலில் ஓடிப்போனவர்கள் என்றது. கைதுத் தாளைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. அப்புறம், முன்பணம் கொடுத்தேன், கணக்கு நேராகிவிட்டது என்றது. முன்பணத்துக்குச் சீட்டு கேட்டபோது இல்லை. 2023 ஜூனில் ஆளுக்கு 650 தினார் என்று சமரசம் பேசினார்கள். பங்குப் பணத்தைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்கள்.

ஒப்புக்கொள்ளலாமா என்று எங்களைக் கேட்டார்கள். வழக்கை நடத்தினால் முழுசாகவும் கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், இன்னும் ஒரு வருஷம் ஆகலாம் என்று சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடம் விட்டோம். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குச் சற்று மேலே வந்தது. மைத்துனருக்கு அது வட்டிக்கே சரியாகப் போயிற்று. நகை ஏற்கெனவே ஏலத்தில் போய்விட்டது.

தாளைக் கொடுத்த பையனுக்கு பஹ்ரைனிலிருந்து ஒரு காசும் வரவில்லை. அவனுக்கு ஒப்பந்தம் இல்லை, விசிட் விசாவைக் கடைசி வரை ஒர்க் பெர்மிட்டாக மாற்றவில்லை, காகிதத்தில் அவன் அங்கே வேலையே செய்யவில்லை. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் ஆள் அனுப்பியதாக சப்-ஏஜென்ட் மேல் புகார் கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டதும் 50,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மற்ற மூவரும் ஆளுக்குப் பத்தாயிரம் பையனிடம் கொடுத்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

இப்போது மாற்றிச் செய்வது

நாடுவாரி நோட்டுகளை விட்டுவிட்டோம். பாஸ்போர்ட் யார் கையில், சம்பளம் எவ்வளவு நிற்கிறது, ஓடிப்போன புகார் இருக்கிறதா, என்ன விசா என்று நடந்ததை வைத்தே குறிக்கிறோம். ஒருவர் கைதானதாகச் செய்தி வந்தால் விடுதலை மனுவிலேயே சம்பளப் பாக்கியைத் தொகையோடு எழுதுகிறோம். தூதரக அதிகாரி காவலில் போய்ப் பார்க்கும்போதே அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்படி கேட்கிறோம். எல்லா இடத்திலும் நடப்பதில்லை. கேட்காமல் இருந்ததைவிடப் பரவாயில்லை.

வெளிநாடு கிளம்புகிறவர் வீட்டில் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், சிபிஆர் அல்லது இக்காமா (சவுதி குடியிருப்பு அட்டை) நகலை வீட்டுப் பெண்ணின் கைபேசியிலும், ஒரு தாளிலும் வைக்கச் சொல்கிறோம். கணக்கை வாரா வாரம் எழுதச் சொல்கிறோம். இந்த வேலையை ஆண்களிடம் சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. பெண்கள் செய்கிறார்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போக நினைக்கிற பையன்கள் இருக்கிற வீட்டுக்கு இந்தப் பையனையே கூட்டிக்கொண்டு போகிறோம். அவன் அதிகம் பேசுவதில்லை. அந்த மடித்த தாளை மட்டும் காட்டுவான்.

பெரியவர் மறுபடி கூடு போடுகிறார். போன வருஷம் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க அழைத்துப் போனேன். எங்கேயும் போகிற எண்ணம் இல்லை, கையில் ஒன்று இருக்கட்டும் என்றார். பழையது ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்து போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று அங்கே சொன்னார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தொலைக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்கள், அப்படித்தான் எழுதுவேன் என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தோம். விசாரணை, கூடுதல் கடிதம் என்று இரண்டு மாதம் அதிகமாக ஆயிற்று. புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பழையது இன்னும் அரபாப் வீட்டில் இருக்கிறது.